புகை படியாத இடம்

ஓவியம் முழுக்கக் கொழுப்புப் புகை அப்பியிருந்தது. கேப்டன் ஒஸ்மோனின் தொப்பி, மீசை, பதக்கங்கள், பின்னாலிருந்த வெறும் இருட்டு, எல்லாவற்றின் மேலும் பழுப்பாய், பிசுபிசுப்பாய். தோளுக்குப் பின்னே ஓரிடத்தில் மட்டும் ஒட்டவில்லை. மூடிய உதடுகளின் வடிவம்.

குல்பாரா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தாள். காராகோல் நகர அருங்காட்சியகத்துக்காகப் படத்தை மதிப்பிட வந்தவள். அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் மதிப்புச் சொல்ல முடியாது. பஞ்சை எச்சிலில் நனைத்து, அந்த இடத்திலிருந்தே துடைக்க ஆரம்பித்தாள்.

"அடிப்பாவி! எங்கப்பா மேலயா துப்புற?" மாவுக் கையோடு வாசலில் நின்றாள் கேப்டனின் மகள் ஜூராகான்.

"எச்சில்தான் அக்கா வண்ணத்தைக் கெடுக்காது. இதை அடுப்படியிலயா மாட்டியிருந்தீங்க?"

"பின்னே? வியாழனுக்கு வியாழன் அவர் பேரைச் சொல்லி எண்ணெயில மாவு போடுறேன். வாசனைதானே செத்தவங்களுக்குச் சாப்பாடு? பக்கத்துலயே இருந்து தின்னட்டுமேன்னுதான். கொழுத்துட்டார் பாரு!" சிரித்தாள். "உங்கப்பாவும் போருக்குப் போயிருப்பாரே? பேரைச் சொல்லு, அவருக்கும் ஒண்ணு போடுறேன்."

குல்பாராவின் முகம் சுட்டது. அப்பா எதிரியிடம் கைதியாகி, ஒரு காது கிழிந்து, துரோகிப் பட்டத்தோடு திரும்பி வந்தவர். பள்ளியில் யார் கேட்டாலும் அவள் சித்தப்பாவின் பெயரைத்தான் சொன்னாள். அப்பா செத்த பிறகும், ஒரு வியாழன்கூட அவருக்காக எண்ணெய் காயவில்லை.

"அப்படி யாருமில்லக்கா."

ஜூராகான் உள்ளே போனாள். ஜன்னலில் பனி வெளிச்சம் மங்க மங்க, அடுப்படியில் எண்ணெய் முணுமுணுக்கத் தொடங்கியது. ஆட்டுக்கொழுப்பின் வாசனை சுவரோரமாய் ஊர்ந்து வந்து அவள் கழுத்தில் படிந்தது. பஞ்சு போன பாதையில், வெறும் இருட்டென்று அவள் நினைத்திருந்த இடத்தில், ஒரு மோவாய் வந்தது.

ஒட்டிய கன்னம். பதவிப் பட்டையில்லாத சட்டைக் காலர்.

பஞ்சு வெதுவெதுப்பாயிருந்தது.

இன்னும் கொஞ்சம் துடைத்தாள். காது.

கிழிந்த காது.

"நிஜமாவே யாருமில்லையா பொண்ணே?" அடுப்படியிலிருந்து குரல். "கடைசி மாவு கையில இருக்கு!"

பெயர் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் கேட்பாள். எங்கே சண்டை போட்டார், என்ன பதக்கம் வாங்கினார் என்று கேட்பாள்.

"இல்லக்கா."

எண்ணெய் சீறியது.

படத்திலிருந்த உதடுகள் பிரிந்தன.

கதவு வழியே புகை வந்தது. கேப்டனின் மீசையில் தங்கியது. பக்கத்து வாயைத் தொடாமல் ஒதுங்கிப் போனது.

"அப்பா..." குல்பாராவின் உதடு மட்டும் அசைந்தது.

அந்த வாய் மூடவில்லை. இன்னும் அகலமாய்த் திறந்தது. மெல்ல அவள் பக்கம் திரும்பியது. உள்ளே பல்லில்லை, நாக்கில்லை, இருட்டுதான். உதடுகளில் மட்டும், அவள் இதுவரை அதற்குக் கொடுத்த ஒன்றே ஒன்று ஈரமாய் மினுங்கியது.

அவளுடைய எச்சில்.