கட்டில் முனையில் திராட்சை வாசனை

கிளாடிஸ் கோயமுத்தூருக்கு வந்து இறங்கியபோது வெயில் என்றால் அப்படி வெயில். அக்கா விமலாராணிக்குக் காலில் புண், ஆறவே மாட்டேன் என்கிறது. பார்த்துவிட்டு உடனே காங்கேயம் திரும்ப வேண்டும். மகள் டெய்சி ஆபரேஷனில் பிள்ளை பெற்று வீட்டில் படுத்திருக்கிறாள்.

புண் ஆறாதவர்களை ஆண் பெண் என்று பிரிக்காமல் போட்டிருந்த ஆஸ்பத்திரியின் பழைய வார்டுக் கதவைத் திறந்ததும் திராட்சை வாசனை. அழுகப்போகிற திராட்சை.

எந்தக் கட்டிலிலும் பழம் இல்லை.

"தொடாதீங்கம்மா, கட்டில்ல உக்காராதீங்க," என்றாள் நர்ஸ் ஃபஹீமா. "இந்தக் கிருமிக்கு எந்த மருந்தும் கேக்கல. போறப்ப சோப்புப் போட்டுக் கை கழுவிருங்க."

"ஏனுங் கண்ணு, பஸ் ஏறி வந்துபோட்டு எட்ட நின்னு பார்க்க, எங்கக்கா என்ன பார்க்குல அடைச்ச கரடியா?"

ஃபஹீமா நகர்ந்ததும் கட்டிலில் உட்கார்ந்தாள். புண்ணிலிருந்து பச்சையாக வழிந்ததை முந்தானையால் ஒற்றினாள்.

அக்கா கண் திறந்தாள். "எந்திரி புள்ளே. அவ மடி மேல உக்காந்திருக்கறே."

"ஆரு மடியிலக்கா?"

"பக்கத்துக் கட்டில்ல செத்தாளே, பத்மாவதி. என்னையப் பார்க்க வாரவங்க கூடவெல்லாம் போறா. இங்கயும் இருக்கறா. சூலூர்ல இருந்து நம்ம சின்னம்மா பையன் ஜோஸ் வந்தான். தறியில கை கிழிஞ்ச காயத்தோட, நீ உக்காந்த எடத்துலதான் உக்காந்தான். அங்க பாரு."

கோடிக் கட்டிலில் ஜோஸ். அவனது வலது தோளுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது.

"காய்ச்சல்ல ஒளர்றே," என்று சிரித்தபடி கிளாடிஸ் எழுந்தாள்.

அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் மெத்தை நிமிரவில்லை.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார வந்த பெண் கேட்டாள்: "திராட்சை வாங்கிட்டுப் போறீங்களாக்கா?"

கிளாடிஸ் கையில் பையே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் குனிந்து டெய்சியின் தையலைப் பார்த்தாள். வேர்த்திருக்கிறதே என்று முந்தானையால் துடைத்துவிட்டாள்.

அந்த வாரமே தையல் வாய் பிளந்தது. ஊசியை மாற்றி மாற்றிப் போட்டார்கள். எதுவும் கேட்கவில்லை.

"அம்மா," என்றாள் டெய்சி கடைசியாக, "வயித்து மேல ஆரோ ஒரு பொம்பள உக்காந்திருக்கறா, எந்திரிக்கச் சொல்லும்மா."

டெய்சியின் இழவுக்கு ஊர் ஊராக உறவுகள் வந்தார்கள். கிளாடிஸைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரவர் பஸ்ஸில் ஏறினார்கள்.

வீடு அடங்கியது. வாசனை போகவில்லை.

கிளாடிஸ் திரும்பிப் பார்த்தாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. பூனைக்குட்டி எடைகூட இல்லாத பிள்ளை.

சேலைத் தொட்டிலோ தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.