ஹோடி சொல்லும் விளக்கு

நான்கு நாளாக நஸ்ரா பஹதியிடம் பேசவில்லை. பேச்சு என்றால் கைப்பேச்சுதான். நஸ்ராவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. தோழிகள் இருவரும் கைகளாலேயே ஊர்க்கதை பேசுவார்கள்.

"என்ன கோபம்?" என்று பஹதி அவளைத் தெருவில் மறித்துச் சைகையில் கேட்டாள்.

"லீவு விட்டதுலேர்ந்து நீ எங்க வீட்டுக்கு வரவே இல்ல. யாருமே வரல," என்றன நஸ்ராவின் கைகள்.

பஹதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் தினமும்தான் போனாள். வாசலில் நின்று "ஹோடி" என்று மூன்று முறை கூப்பிட்டாள். உள்ளேயிருந்து "கரிபு" என்று யாராவது அழைத்தால்தானே நுழைய முடியும்? தாங்கா ஊரில் அப்படிச் சொல்லாமல் யார் வீட்டிலும் கால் வைக்க மாட்டார்கள். எப்போதும் பதில் சொல்லும் நஸ்ராவின் அம்மா குரல் கொடுக்காததால், நஸ்ராவும் அவளோடு சந்தைக்கு மீன் விற்கப் போயிருப்பாள் என்று நினைத்துத் திரும்பிவிட்டாள். தெருப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். உள்ளே நஸ்ரா தனியாக உட்கார்ந்திருந்தாள்.

பஹதி அங்கே நிற்கவில்லை. நேராகத் தன் அக்கா சைனபுவின் செல்போன் ரிப்பேர் கடைக்குப் போனாள். உடைந்த டார்ச் ஒன்றிலிருந்து குட்டி விளக்கோடு ஒரு சர்க்யூட் போர்டு கிடைத்தது. அதில் ஒயர்களைப் பற்றவைத்து, பேட்டரியோடும் வாசலில் ஒரு பொத்தானோடும் சேர்த்தால் போதும். வெளியே அழுத்தினால் உள்ளே விளக்கு எரியும்.

"கையச் சுட்டுக்காத. முடிச்சதும் ஒயர இழுத்துப் பாரு," என்று சொல்லிவிட்டு அக்கா தன் வேலையில் மூழ்கினாள்.

பஹதி சால்டரிங் அயர்னின் நுனியில் ஈயத்தை உருக்கி, ஒயரின் மேல் சொட்டினாள். அது முத்துப் போல உருண்டு நின்றது. இழுத்தாள். ஒயர் கையோடு வந்துவிட்டது. ஏழு முறை செய்தாள், ஏழு முறையும் வந்தது. அவளுக்குக் கண் கலங்கியது.

அக்கா அயர்னை வாங்கக் கை நீட்டினாள். பஹதி கொடுக்கவில்லை. ஈய உருண்டையை முறைத்துப் பார்த்தாள். ஈயம் மட்டும்தான் சூடு, ஒயர் சில்லென்று கிடக்கிறது. எண்ணெய் காயாமல் மண்டாசி மாவைப் போட்டால் பலகாரம் உப்பி வருமா?

இந்த முறை, ஒயரும் போர்டும் சேரும் இடத்தில் அயர்னை வைத்து மூன்று வரை எண்ணினாள். பிறகு ஈயக் கம்பியால் அங்கே தொட்டாள். ஈயம் தானாகப் பரவி, பளபளவென்று ஒயரைக் கட்டிக்கொண்டது. இழுத்தாள். வரவில்லை. அக்காவும் இழுத்தாள். வரவில்லை.

"என் பொழப்புல மண்ணப் போட்டுடுவ போலிருக்கேடி," என்றாள் அக்கா. முகமெல்லாம் பெருமை.

மறுநாள் காலை, நஸ்ராவின் அம்மா சந்தைக்குக் கிளம்பும் முன்பே பஹதி வந்து எல்லாவற்றையும் மாட்டினாள். நஸ்ரா உம்மென்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா போனதும் பஹதி வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

உள்ளே தடதடவென்று காலடிச் சத்தம். கதவு திறந்தது. நஸ்ராவின் கண்கள் விரிந்தன. வாசலில் பஹதி மட்டுமில்லை, அவளுக்குப் பின்னால் தெருப் பிள்ளைகள் ஏழு பேர் வரிசையாக நின்றார்கள்.

நஸ்ரா ஒவ்வொரு முகமாக எண்ணினாள். "ஒவ்வொருத்தரா அழுத்திட்டு வாங்க," என்று கைகளால் சொன்னாள். பிறகு கதவை மறுபடி சாத்திக்கொண்டு, விளக்கின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.