தில்லைநாயகி நிறுத்திய இடம்

"எங்கப்பா சவரம் பண்றப்ப அடிக்கிற விசில் அது. சத்தியமா எங்கப்பா!"

"உங்கப்பாவுக்கு முன்பல்லு ரெண்டும் கிடையாது. அவரு எங்க விசில் அடிச்சாரு? அது எங்கப்பா. சைக்கிள் தொடைக்கிறப்ப அடிப்பாரு."

கிருஷ்ணகிரி புறவழிச்சாலை டீக்கடையில் ஒரு கணவனும் மனைவியும் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து பெஞ்சில் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்த செண்பகராமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க சார். போன மாசம் திசைமாறிகள் கச்சேரிக்குப் போனதுலேர்ந்து இதே ரோதனை," என்றார் கணவர். "அங்க ஒரு விசில் வாசிச்சாங்க. கேட்ட உடனே அழுதுட்டேன். எங்கப்பாவேதான்."

"கல்யாணமான நாள்லேர்ந்து அப்பா புராணம் பாடுறீங்களே, ஒருநாளாவது விசில்னு வாயத் தொறந்தீங்களா?" என்றாள் மனைவி.

"நானும் அந்தக் கச்சேரிக்குத்தாம்மா போறேன்," என்றார் செண்பகராமன். "தனியா வண்டி ஓட்டிட்டு வாறவங்களுக்கு முன்வட்டத்துல எடம்னு சொன்னாங்கல்லா."

அவள் ஏனோ அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு டீயைக் குடித்தாள்.

எல்லாருக்கும் தானோட்டி வண்டிகள் வந்துவிட்ட பிறகு ஸ்டியரிங் பிடிக்க ஆள் இல்லை. செண்பகராமன் ஓட்டி வந்தது அவர் மனைவி தில்லைநாயகி கோவில்பட்டியில் நடத்திய ஓட்டுநர் பள்ளியின் பழைய கார். இடது இருக்கையின் காலடியில் பயிற்சியாளருக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் பயந்து கை நடுங்கினால் தில்லைநாயகி மெல்ல முனக ஆரம்பிப்பாள். பாட்டு இல்லை, சினிமா மெட்டும் இல்லை. மேலே ஏறி, வளைந்து, இறங்கப்போகும் நேரத்தில் பட்டென்று நின்றுவிடும். "ம், பிரேக்க மிதி!" என்பாள். அந்த முனகலுக்கு முடிவு என்று ஒன்று கிடையாது.

அவள் இறந்த பிறகுதான் அதைப் பதிவு செய்து வைக்கவில்லையே என்று அவருக்கு உறைத்தது. திசைமாறிகள் எழுதி வைத்துப் பாடும் குழு இல்லை. கூட்டத்தின் மனதில் இருப்பதை எடுத்து, அங்கேயே திசை மாற்றி மாற்றி வாசிப்பவர்கள். அவள் முனகலைத் தன் தலைக்கு வெளியே ஒரே ஒருமுறை கேட்டுவிட வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம். மறந்துவிடக் கூடாதே என்று வழியெல்லாம் அதையே முனகிக்கொண்டு வந்தார்.

தேன்கனிக்கோட்டை மைதானத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வாசலில் ஒரு பெண் அவர் காதுக்குப் பின்னால் நினைவுக்கொக்கியை மாட்டினாள். மண்டையில் ஓடுவதை அது மேடைக்கு அனுப்பும். மேடையில் வாசிப்பதை, கேட்பதுபோல் அல்லாமல் ஞாபகம் வருவதுபோல் எல்லார் தலைக்குள்ளும் இறக்கும்.

"ஏம்மா, தனியாத்தான் வரணும்னு ஏன் கேக்கீய?"

"கூட ஆள் இருந்தா பேசியே தீத்துடுறாங்க சார். தனியா வந்தாத்தான் அடியில கெடக்குறது பால் மாதிரி மேல ஏடு கட்டும்." கொக்கியின் சின்ன விளக்கைப் பார்த்ததும் அவள் குரல் தணிந்தது. "உங்களுக்கு நல்லாவே கட்டியிருக்கு. முன்வட்டத்து நடுவுல போய் உக்காருங்க."

அவள் முகத்தில் ஒரு பசி தெரிந்ததுபோல் இருந்தது. ஆனாலும் போய் உட்கார்ந்தார்.

வெகுநேரம் மத்தளமும் கிதாரும் எங்கெங்கோ அலைந்தன. திடீரென்று எல்லா வாத்தியமும் ஒரே பக்கம் திரும்பின. தில்லைநாயகியேதான்! மேலே ஏறியது, வளைந்தது. செண்பகராமன் வாய்விட்டு அழுதார். மைதானமே அழுதது.

இறங்கும் இடம் வந்தது. அவள் நிறுத்தும் இடம்.

ஆனால் அத்தனை ஆயிரம் பேருக்கும் அது முடிய வேண்டும் என்ற தவிப்பு. கொக்கிகள் அந்தத் தவிப்பையும் மேடைக்கு அனுப்பின. கிதார் அந்த இடத்தைத் தாண்டிப் போனது.

"நிறுத்துங்கப்பா! அங்கனயே நிக்கணும்!" என்று கத்தினார். வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. எதுவும் நிற்கவில்லை. இசை இனிமையாக இறங்கி, அழகாக முடிந்தது. கொக்கியைப் பிடுங்கி எறிந்தார். அது ஒரே இழுப்பில் வந்துவிட்டது, ஆனால் முடிந்துபோன மெட்டு தலைக்குள்ளேயே இருந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

பக்கத்தில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க அக்கா சார். மாவு சலிக்கிறப்ப இப்படித்தான்..."

"அது எம் பொண்டாட்டிய்யா!"

பெரியவர் பரிதாபமாக அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

காலையில் ஊர் திரும்பும்போது முனகிப் பார்த்தார். ஏறியது, வளைந்தது, நிற்காமல் கடைசிவரை போய் முடிந்தது. வேண்டுமென்றே இடையில் நிறுத்திப் பார்த்தார். எங்கே நிறுத்தினாலும் அது அவர் நிறுத்தியதாக இருந்ததே தவிர, அவள் நிறுத்தியதாக இல்லை. வழியில் மின்னேற்று நிலையத்தில் கச்சேரியிலிருந்து திரும்பிய இரண்டு பெண்கள் அதே மெட்டை முனகியபடி, எங்க சித்தி, எங்க டீச்சர் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் குறுக்கே பேசப் போனார். என்ன அத்தாட்சியைக் காட்டுவது? காருக்குத் திரும்பி, இடது இருக்கையில் சாய்ந்து, கையால் அந்தப் பிரேக்கை அழுத்தியபடி கொஞ்ச நேரம் கிடந்தார்.

இதைப் படிப்பவர்களில் யாராவது கோவில்பட்டியில் தில்லைநாயகியிடம் கார் ஓட்டக் கற்றிருக்கிறீர்களா? கை நடுங்கியபோது அவர் முனகியது நினைவிருக்கிறதா? எந்த இடத்தில் நிறுத்துவார் என்று முனகிப் பதிவு செய்து, தயவுசெய்து இதற்குக் கீழே பதில் போடுங்கள். செண்பகராமன் ஒவ்வொன்றையும் கேட்கிறார். இதுவரை நிறையப் பேர் அனுப்பிவிட்டார்கள். எல்லாமே கடைசிவரை போய் அழகாக முடிகின்றன.

அதனால் ஒரு வேண்டுகோள். திசைமாறிகள் கச்சேரிக்குப் போனவர்கள் அனுப்ப வேண்டாம். போகாதவர் யாராவது மிச்சம் இருந்தால், நீங்கள் மட்டும் எழுதுங்கள்.