பிள்ளை வளர்ப்பான்

பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தால் பஸ்ஸை முன்னாடியே நிறுத்திவிட்டார்கள். ஆஃப்ஷீன் செங்கம் சாலையில் நடந்தே அந்தப் பழைய ஓட்டு வீட்டுக்கு வந்தாள். இப்போது அது கருத்தரிப்பு மையம். ஆய்வறையில் கருக்களை வளர்ப்பது அவள் வேலை.

வாசல் பெஞ்சில் கீழ்பென்னாத்தூர் பொன்னி காத்திருந்தாள்.

"எங்கம்மா பொறந்ததும் இந்த வீட்லதாங்க. ராஜம்மாள்னு மருத்துவச்சி வீடு இது. அவங்க செத்து நாப்பது வருசம் ஆவுது... என் புள்ள எப்படிங்க இருக்குது?"

பொன்னிக்குக் கிடைத்தது ஒரே கரு. இனி முட்டை எடுக்க வழியில்லை.

"எட்டு செல்லுலயே நிக்குதுக்கா. நாலஞ்சு கரு ஒண்ணா இருந்தா, ஒண்ணு கசியவிடுற ரசாயனம் இன்னொண்ணுக்கு 'வளரு'னு சேதி சொல்லும். இது ஒத்தையா கெடக்குது. அதை வளக்குற சத்துத் தண்ணி பெரிய சொட்டா இருக்கு, அது விடுற சேதியும் அதுல கரைஞ்சு போவுது. சின்ன சொட்டுக்கு மாத்துனா, அது பேசுறது அதுக்கே கேக்கும்."

உள்ளே டாக்டர் பாலாஜி உதட்டைப் பிதுக்கினார். "இனி வளராதும்மா. கொட்டிடு."

"நாளைக் காலைல வரைக்கும் என் பொறுப்பு சார். கொட்ட மாட்டேன்."

ஆய்வறைக்குள் பூ, சென்ட் எதுவும் கூடாது. வாசனை என்பதும் காற்றில் வரும் ரசாயனம்தான். கருவுக்கு அதுவே விஷமாகலாம். ஆஃப்ஷீன் கதவைச் சாத்தினாள். மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயில் கருவை உறிஞ்சி எடுத்தாள்.

அப்போது அந்த வாசனை வந்தது.

தெருவில் ஏற்றும் கற்பூரம் இல்லை. சுட்ட வசம்பு. விளக்கில் கருக்கி, உரசி, குழந்தைக்குத் தடவுவது. ராத்திரியில் அதன் பேரைச் சொல்லாமல் 'பிள்ளை வளர்ப்பான்' என்பார்கள்.

காற்று வடிகட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வாசனை நெருங்கியது.

தோளுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

குழாய் நுனியில் பொன்னியின் பிள்ளை. கை நடுங்கினால் தொலைந்தது. ஆஃப்ஷீன் குழாயை அசையாமல் பிடித்தாள். பயத்தைவிடக் கோபம் பொங்கியது. திரும்பாமலே கிசுகிசுத்தாள்.

"ராஜம்மாதானே? யாரா இருந்தாலும் சரி. இங்க புள்ள வளக்கிறது நான். உங்க வாசனை இதைக் கொன்னுடும். வெளிய போங்க."

மூச்சு நின்றது.

"போங்கன்னு சொன்னேன்."

வாசனை மெல்லக் கதவுப் பக்கம் விலகியது. ஆஃப்ஷீன் கருவைத் தட்டிலிருந்த சின்னச் சொட்டில் இறக்கி, அது உலராதபடி மேலே எண்ணெய் மூடியிருக்கிறதா என்று பார்த்து, தட்டை வளர்ப்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள்தான் பெட்டியைத் திறந்தாள். நுண்ணோக்கியில் கரு உருண்டு திரண்டு, நடுவே நீர் கோத்து, பளபளவென்று உப்பியிருந்தது. இரண்டு நாள் வளர்ச்சி ஒரே இரவில் நடந்திருந்தது. பாலாஜி இரண்டு முறை பார்த்தார். பொன்னியைக் கூப்பிடப் போனார்.

தட்டின் மூடியை அப்போதுதான் கவனித்தாள். உட்பக்கம், சொட்டுக்கு நேர் மேலே, கடுகளவு கரும்பொட்டு. கண்ணேறு படாமல் குழந்தைக் கன்னத்தில் வைப்பார்களே, அதே பொட்டு.

ஆஃப்ஷீன் கதவைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ கை கழுவாம என் தட்டத் தொடாதீங்க."

கதவுக்கு வெளியே, யாருமில்லாத இடத்தில், கை கழுவும் குழாய் திறந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது.