குட்டைக் குழலும் நானூறாம் கோடும்

"இந்தத் துவக்கை நம்பி நான் ஒருத்தரையும் உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போகமாட்டன்!" என்றாள் மயூரதி.

படகு அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வட துருவத்துக்குப் பக்கத்தில், ஸ்வால்பார்ட் தீவுகளின் ஆளில்லாத கரை அது. முன்னால் சாம்பல் நிறக் கடல், பின்னால் பனியாறு. கோடையானதால் சூரியன் மறைவதே இல்லை.

வந்தவர்கள் மூன்று பேர். இன்பராசன், ஒஸ்லோவில் பொறியாளர், ஐம்பது தாண்டியவர். பனியாறுகளை அளக்கும் அவருடைய தம்பி குகதாஸ் சென்ற செப்டம்பரில் இந்தக் கரையில் தனியே நடந்து போய்த் திரும்பவேயில்லை. பனிக்காலம் தொடங்கியதும் தேடியவர்கள் கைவிட்டுவிட்டார்கள். இரண்டாமவன் தர்சன், குகதாஸோடு ஆறு வருடம் வேலை செய்தவன். மயூரதி காவலுக்கு. ஹம்மர்ஃபெஸ்டில் மீன் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் மகள். வெள்ளைக்கரடி திரியும் இந்தத் தீவுகளில் ஆய்வாளர்களுக்குத் துவக்கோடு காவல் போவதுதான் அவள் தொழில்.

அவளுடைய சொந்தத் துவக்கு விமானத்தில் வந்துசேரவில்லை. இது கடைசி நேரத்தில் கிடைத்த இரவல் துப்பாக்கி. படகேறும் அவசரத்தில் உறையைத் திறந்தும் பார்க்கவில்லை.

"அது என்ர பிழைதான்," என்றாள். "குழலைப் பாருங்கோ அண்ணை. முனை துருப்பிடிச்சிருக்க வேணும், எட்டு அங்குலம் வெட்டிப்போட்டினம். ஆனா மேல இருக்கிற ஸ்கோப் பழைய நீளக் குழலுக்குச் செய்தது."

இன்பராசன் ஸ்கோப்பில், அந்தக் குறிபார்க்கும் கண்ணாடியில், கண்ணை வைத்தார். உள்ளே ஒரு சிலுவைக்குறி. அதற்குக் கீழே நான்கு சின்னக் கோடுகள்: இருநூறு, முந்நூறு, நானூறு, ஐநூறு மீட்டருக்கு. குண்டு போகப் போகக் கீழே இறங்கும். ஆகவே தூரத்து இலக்கென்றால் அதற்குரிய கோட்டை வைத்துச் சுட வேண்டும்.

"குழல் குறைஞ்சா குண்டின்ர வேகமும் குறையும். வேகம் குறைஞ்சா இன்னும் கூடக் கீழ இறங்கும். அப்ப இந்தக் கோடெல்லாம் பொய்."

"எவ்வளவு பொய்?"

"சுட்டுப் பார்த்தாத்தான் தெரியும். சாப்பாட்டு அட்டைப் பெட்டியைக் குறியா வைச்சுச் சுட எனக்கு அரை நாள் தாங்கோ."

"மூண்டு நாளில படகு வந்திடும், பிள்ளை!" என்றார் இன்பராசன். "பத்து மாசமா என்ர தம்பி இஞ்ச கிடக்கிறான். நீ அட்டைப் பெட்டிக்குச் சுடப்போறன் எண்டுறாய்!"

மயூரதி உணவு வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து, கரியால் வட்டம் போட்டு, கற்களுக்கு நடுவே நட்டாள். நூறு மீட்டரில் சிலுவைக்குறியைச் சரிசெய்தாள். பிறகு தூரமானியால் அளந்து அளந்து பின்னால் நடந்தாள். முந்நூறில் முந்நூறாம் கோட்டை வைத்தும் குண்டு நான்கு விரல் கீழே பட்டது. நானூறில் முழுதாக ஒரு சாண் கீழே! மறுபடி முன்னால் வந்து வந்து சுட்டாள். முந்நூற்று ஐம்பத்தைந்து மீட்டரில் நின்றபோதுதான் நானூறாம் கோடு உண்மை பேசியது. நாற்பது குண்டில் பதினெட்டு தீர்ந்தது. இன்பராசன் கடலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் நாள் முழுவதும் பனியாற்றின் ஓரம் நடந்தார்கள். பனி உருகுவதை அளக்கக் குகதாஸ் நட்ட நான்கு கம்பங்களில் மூன்று கிடைத்தன. நான்காவது இல்லை.

மூன்றாம் நாள் காலை, உருகிய தண்ணீர் இரைந்து ஓடும் ஓடைக்கு அப்பால், சரிவில் ஏதோ செம்மஞ்சளாகத் தெரிந்தது.

"குகதாஸ் அண்ணையின்ர ஜாக்கெட்!" என்று கத்தினான் தர்சன்.

"நில்லு! எல்லாரும் சேர்ந்து போவம்!" மயூரதி சொல்லி முடிக்குமுன் அவன் ஓடைமேல் உறைந்து நின்ற பனிப்பாலத்தில் ஓடிக் கடந்துவிட்டான். அவன் பாரத்தில் தளர்ந்த பாலம் அவனுக்குப் பின்னால் இடிந்து ஓடையில் விழுந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரிவில் ஏறினான், ஏறினான், சட்டென்று விழுந்தான். கல்லிடுக்கில் கால் மாட்டிக்கொண்டது. இழுத்தும் வரவில்லை.

அப்போதுதான் மேட்டுக்கு மேலே அது தலையை நீட்டியது. வெள்ளைக்கரடி!

மயூரதி எச்சரிக்கை வெடியைச் சுட்டாள். அது பாதி வழியிலேயே வெடித்தது. கரடி ஒரு கணம் நின்று, மூக்கைத் தூக்கி மோந்து, மீண்டும் இறங்கத் தொடங்கியது. தர்சன் கையில் கிடைத்த கல்லை எறிந்தான். அது அசையவில்லை.

"தூரம்!"

இன்பராசன் தூரமானியைத் தர்சன் பக்கம் திருப்பினார். "முந்நூற்று ஐம்பத்தாறு."

அவள் கல்லின்மேல் பையை வைத்து, துவக்கைச் சாய்த்துப் படுத்தாள். தர்சனின் தலைக்கு மேலே இரண்டு சாண் உயரத்துக்கு ஒரு கரும்பாறை. அதற்குப் பின்னால் கரடியின் முகம். பாறையில் அடித்தால் சில்லு சிதறி அதை விரட்டலாம். ஒரு சாண் கீழே போனால் குண்டு தர்சனின் தலையில்.

"முந்நூறுக்கும் நானூறுக்கும் நடுவில வை!" என்றார் இன்பராசன்.  அப்படி வைத்தால் குண்டு தாழ்ந்து தர்சன்மேல் படும் என்பது உடனே அவருக்கே விளங்கிவிட்டது. "இல்லை, பிள்ளை. நீ பார்த்ததுபோலச் செய்."

மயூரதி மூச்சைப் பாதியில் நிறுத்தி, நானூறாம் கோட்டைப் பாறையின் நடுவில் வைத்தாள். சுட்டாள்.

பாறை புகைந்து சிதறியது! கரடி உறுமிப் பின்வாங்கித் தலையை உதறியது. இரண்டாவது குண்டும் அதே இடத்தில். கரடி திரும்பி மேட்டைத் தாண்டி ஓடியது. மூன்றாவது குண்டைக் கரடிக்கென்றே வைத்திருந்தாள். தேவைப்படவில்லை.

ஓடையைச் சுற்றி அவர்கள் போய்ச்சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. தர்சனின் கணுக்கால் வீங்கியிருந்தது. நெற்றியில் கற்சில்லுக் கீறல். அவன் மேலே கைகாட்டினான்.

நான்காவது கம்பம் அங்கேதான் கிடந்தது. பக்கத்தில், பனி விலகிய கற்களுக்கிடையே, குகதாஸ். விழுந்து முதுகு ஒடிந்திருக்க வேண்டும். ஜாக்கெட்டின் உள்பையில் அளவுக் குறிப்பேடு நனையாமல் இருந்தது. கடைசி நாளின் அளவுகள் வரை ஒழுங்காக எழுதியிருந்தான்.

இன்பராசன் மண்டியிட்டு உட்கார்ந்து தம்பியின் கையுறையைப் பற்றிக்கொண்டார். 

"அந்த அரை நாளை நான் தரமாட்டன் எண்டு நிண்டனான், மயூரதி. தந்திருக்காட்டி இண்டைக்கு ரெண்டு உடம்பைக் கொண்டுபோயிருப்பன்."

"நானும் படகேற முந்தியே உறையைத் திறந்து பார்த்திருக்க வேணும், அண்ணை," என்றாள் அவள்.

மாலையில் படகு வந்தது. குகதாஸைக் கம்பளியில் சுற்றி, இருவர் தூக்க, தர்சன் நொண்டியபடி முன்னால் நடந்தான். படகிலிருந்து இன்பராசன் செயற்கைக்கோள் தொலைபேசியில் தம்பியின் மனைவி சுபத்திராவை அழைத்தார்.

"கண்டுபிடிச்சிட்டம்," என்றார்.

மறுமுனையில் சுபத்திரா கேட்டாள்: "தனியவோ இருந்தவர்?"

இன்பராசன் கம்பளியின்மேல் கையை வைத்தார்.

"இப்ப இல்லை, பிள்ளை. வீட்டுக்கு வாறம்."