உடனடியாக அமலுக்கு வருகிறது!

"ஐயோ... சைது!"

அந்த அலறல் மூன்று மேளங்களின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

மேளக்காரர்களின் கைகள் அப்படியே நின்றன. ஆடிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டின் பின்புறம், தகரத் தடுப்பு வைத்த குளியலறை வாசலில் மபிந்தி நின்றிருந்தாள்.

அவள் கை நிறைய ரத்தம்!

உள்ளே அவள் புருஷன் குப்புறக் கிடந்தான். கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளை அங்கி. முதுகில் பிடி வரைக்கும் இறங்கிய கத்தி.

இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்தான் ஃப்ரீடவுன் வானொலி அவன் பெயரைச் சொல்லியிருந்தது.

*ஆற்றுத் தங்க உரிமத் துறையின் புதிய இயக்குநராகத் திரு. சைது ஃபோஃபனா நியமிக்கப்பட்டுள்ளார். இந்நியமனம் உடனடியாக அமலுக்கு வருகிறது...*

---

இன்ஸ்பெக்டர் யாபோம் துல்லா, கிஸ்ஸி மேட்டில் இருந்த அந்த வீட்டுக்கு வந்து ஜீப்பை விட்டு இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. முற்றத்தில் பெரிய அண்டாவில், விருந்துக்காகத் தக்காளி சேர்த்துக் கிளறிய ஜொலோஃப் சோறு அடிப்பிடித்துப் புகைந்துகொண்டிருந்தது. இறக்கி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

சார்ஜெண்ட் தம்பா குடையோடு ஓடி வந்தார்.

"மேடம், கொலைகாரன் பின்பக்க ஓடை வழியா வந்திருக்கான். அதே வழியா போயிட்டான். மேளச் சத்தத்துல இவர் கத்தினது யாருக்குமே கேட்கல."

"புது டைரக்டர் இந்தத் தகர வீட்டுலயா குடியிருந்தார்?"

"அதான் எனக்கும் இடிக்குது. அக்கம்பக்கத்துல விசாரிச்சேன். இவர் அந்த ஆபீஸ் ஸ்டோர் ரூம்ல வேலை பார்த்தவர். மண்வெட்டி, பூட்ஸ், டார்ச் லைட் எடுத்துக் குடுக்கிறவர்!"

யாபோம் புருவத்தை உயர்த்தினாள்.

"ஸ்டோர்காரரை டைரக்டராப் போட்டாங்களா?"

"இந்த ஊர்ல எதுவும் நடக்கும் மேடம். என் மச்சான் கால்நடை டாக்டர். அவரை விமான நிலையத்துல போட்டிருக்காங்க."

மபிந்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த கண்கள். யாபோம் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"தங்கச்சி... ரேடியோவுல கேட்டது அவரேதானா?"

"நானும் அதையேதான் கேட்டேன் அக்கா. 'உனக்கு எப்படிய்யா இந்த வேலை குடுத்தாங்க?'ன்னு. சிரிச்சார். 'மதியம் வரைக்கும் எதுவும் கேட்காதே, அதுக்கப்புறம் எல்லாம் சொல்றேன்'னார்."

"வேற?"

"'ஒரு நாள் ராஜாவா இருந்துட்டுப் போறேன், விடேன்'னார்..." அவள் முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போயிட்டார்க்கா."

தம்பா மெதுவாகக் கனைத்தார்.

"மேடம்... அந்த ஆபீஸ்ல இன்னொரு சைது ஃபோஃபனா இருக்கார். இன்ஜினியர். பெரிய படிப்பு. நிஜமான டைரக்டர் அவரா இருக்கும்!"

யாபோம் சட்டென்று எழுந்தாள்.

"பழைய டைரக்டர் என்ன ஆனார், ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும்? கள்ளத்தனமாக ஆற்றைத் தோண்டுகிறவர்களின் உரிமத்தை அவர் ரத்து செய்தார். அடுத்த வாரமே அவருடைய கார் எரிந்தது. அவர் உள்ளே இருந்தார். ஊரே மொமோ கல்லேயின் பெயரைத்தான் முணுமுணுத்தது. ஆறு முழுக்க அவனுடைய தோண்டும் படகுகள். ஆனால் சாட்சி சொல்ல ஒருவர்கூட வரவில்லை.

"அப்போ ஆள் மாறிடுச்சு மேடம்! இன்ஜினியர்னு நினைச்சு இந்த அப்பாவியைக் குத்திட்டானுங்க!"

"அப்படின்னா... அடுத்த கத்தி இன்ஜினியருக்கு. வண்டியை எடு!"

---

வில்பர்ஃபோர்ஸ் குன்று. தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே மாடி வீடு. எல்லா ஜன்னல்களிலும் திரை இழுத்து விட்டிருந்தது.

இன்ஜினியர் சைது ஃபோஃபனா கதவைச் சங்கிலியோடு திறந்து, போலீஸ் உடுப்பைப் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார். ஐம்பது வயது. தங்க ஃப்ரேம் கண்ணாடி. விஷயத்தைக் கேட்டதும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"என் பேர்தான் அவனைக் கொன்னுடுச்சு இன்ஸ்பெக்டர் அம்மா! எனக்கு விழ வேண்டிய கத்தி!"

"உங்களுக்குப் பாதுகாப்புக்கு ஆள் போடறோம் சார்."

"வேண்டாம்! போலீஸ் நின்னா நான் இங்கே இருக்கிறது தெரிஞ்சிடும். எல்லாரும் அவனைத்தான் டைரக்டர்னு நினைச்சிட்டிருக்காங்க. அப்படியே இருக்கட்டும். போனைக்கூட அணைச்சு வச்சுட்டேன். ரெண்டு நாள்ல லண்டன்ல இருக்கிற மகள்கிட்ட போயிடறேன்."

"வேலை?"

"உடம்பு சரியில்லைன்னு எழுதிக் குடுத்துடுவேன். எவனுக்கு வேணும் அந்த நாற்காலி!"

வெளியே வந்ததும் தம்பா பெருமூச்சு விட்டார்.

"பாவம் மேடம். உயிர்ப் பயம்."

"ம்... மேளக்காரங்களைப் பிடிச்சு வச்சிருக்கோம்ல? வா, அவங்களைப் பார்ப்போம்."

---

மேளக்காரர்களின் தலைவர் லன்சானா ஸ்டேஷன் பெஞ்சில் மேளத்தைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சத்தியமா எங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா! வாசிக்கச் சொன்னாங்க, வாசிச்சோம். நிறுத்தாம வாசிக்கணும்னு சொன்னாங்க, நிறுத்தல."

"யார் சொன்னது?"

"போன்ல ஒரு பெரிய மனுஷன். பேர் சொல்லல. 'கிஸ்ஸி மேட்டுல சைது வீடு. டைரக்டர் ஆயிட்டார். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அடி'ன்னார்."

"ரேடியோவைக் கேட்டுட்டு உடனே கூப்பிட்டிருக்கார். அப்படித்தானே?"

லன்சானா தலையைப் பலமாக ஆட்டினார்.

"காலையில கூப்பிட்டா நாங்க எங்கேருந்தும்மா வர்றது? ஊருக்கு வெளியே வாட்டர்லூவுல இருந்து வரணும். நேத்து சாயங்காலமே கூப்பிட்டுட்டார்!"

யாபோமின் பேனா நின்றது.

நேற்று சாயங்காலமா?

அவள் அடுத்த அரை மணியில் வானொலி நிலையத்தில் இருந்தாள். அரசு அறிவிப்புகளை வாசிக்கும் ஒலபிசி டெக்கர் அம்மையார் மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கிப் பார்த்தார். நாட்டில் பாதிப் பேருக்கு வேலை கிடைத்ததையும் மீதிப் பேருக்கு வேலை போனதையும் அந்தக் குரல்தான் சொல்லியிருக்கிறது.

"அறிவிப்பு உங்க கைக்கு எப்ப வந்தது அம்மா?"

"விடிஞ்சப்புறம். உறையைப் பிரிச்சேன், மைக் முன்னால உட்கார்ந்தேன்."

"அதுக்கு முன்னாடி யாருக்குத் தெரியும்?"

"கையெழுத்துப் போட்டவருக்கு. அப்புறம்... வேலை கிடைச்சவருக்கு. முந்தின நாள் மதியம் போன் பண்ணிச் சம்மதம் கேட்பாங்க. இல்லன்னா ரேடியோவுல பேர் வந்தப்புறம் 'எனக்கு வேண்டாம்'னு எவனாவது வந்து நிப்பானே!"

யாபோம் கதவைச் சாத்தினாள்.

"உங்ககிட்ட ஒரு உதவி வேணும்."

---

மறுபடியும் வில்பர்ஃபோர்ஸ் குன்று. மதியம்.

வீட்டில் மின்சாரம் இல்லை. கூடத்தில் இரண்டு பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன.

"நேத்தே உங்களைச் சம்மதம் கேட்டுட்டாங்களா சார்?" யாபோம் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"ஆ... ஆமாம். மாட்டேன்னு சொல்ல முடியுமா? மேலிடத்துல கோவிச்சுக்குவாங்க."

"அப்புறம் மேளக்காரங்களுக்குப் போன் பண்ணீங்க."

"என்ன உளர்றீங்க!"

"இங்கே வைக்க வேண்டிய மேளத்தைக் கிஸ்ஸியில வச்சீங்க."

இன்ஜினியர் எழுந்து நின்றார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கண்கள் இப்போது அழவில்லை.

"நான் உங்களை விட மேல இருக்கிற ஆளுங்களோட சாப்பிடறவன். ஆதாரம் இருக்கா? என் நம்பர்ல இருந்து போன் போயிருக்கா?"

"இல்லை. தெருக் கடையில இருந்து போயிருக்கு."

"அப்போ எழுந்து போங்க!"

யாபோம் எழுந்தாள். வாசல் வரை போனாள். நின்றாள்.

"போறேன் சார். அதுக்கு முன்னாடி ஒரு மணி செய்தியைக் கேட்டுடுங்க. தம்பா! சத்தமா வை!"

வாசலில் நின்ற ஜீப்பிலிருந்து ஒலபிசி டெக்கரின் கணீர்க் குரல் புறப்பட்டு வந்தது.

*திருத்த அறிவிப்பு. இன்று காலை அறிவிக்கப்பட்ட இயக்குநர் திரு. சைது ஃபோஃபனா, கிஸ்ஸியைச் சேர்ந்த பண்டகக் காப்பாளர் அல்ல. வில்பர்ஃபோர்ஸ் குன்றில், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே வசிக்கும் பொறியாளர் திரு. சைது ஃபோஃபனாவே ஆவார். நியமனம் உடனடியாக அமலுக்கு வருகிறது...*

இன்ஜினியரின் முகம் வெளுத்துப்போனது.

"வீட்டு அடையாளத்தை ஏன் சொன்னாங்க? ஏன் சொன்னாங்க!"

"வாழ்த்துச் சொல்ல வர்றவங்களுக்கு வழி தெரியணுமே சார்."

"மொமோ ஆளுங்க குன்றுக்குக் கீழேதான் இருப்பானுங்க! பத்து நிமிஷத்துல வந்துடுவானுங்க!"

"நாங்க வேணா காவலுக்கு..." அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "அட, நீங்கதான் போலீஸ் வேண்டாம்னுட்டீங்களே. தம்பா, கிளம்பு!"

ஜீப் உறுமியது.

"நில்லுங்க!"

அவர் செருப்பில்லாமல் ஓடி வந்து ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டார். மழைச் சேற்றில் முழங்கால் புதைந்தது.

"என்னைக் கூட்டிட்டுப் போங்க! விலங்கு போடுங்க!"

"எதுக்காகப் போடறது?"

"நான்தான்! நான்தான் மேளம் வச்சேன்! மொமோ ஆளுக்குப் போன் பண்ணி, டைரக்டர் கிஸ்ஸியில இருக்கார்னு சொன்னதும் நான்தான்!"

"ஸ்டோர் சைதுகிட்ட என்ன சொன்னீங்க?"

"ஆபீஸ்ல எல்லாரையும் கொஞ்சம் ஏமாத்தி விளையாடலாம்னேன்... மதியம் நானே வந்து எல்லார் முன்னாலயும் உன்னைக் கட்டிப்பிடிச்சு உண்மையைச் சொல்றேன்னேன். நம்பிட்டான். ஒருத்தனைக் கொன்னுட்டா அவனுங்க ஆறிடுவானுங்க, அதுக்குள்ள நான் லண்டன் போயிடலாம்னு..."

"யார்கிட்ட பேசினீங்க? பேர்?"

சொன்னார். மொமோவின் வலது கை. அவன் எந்தக் கிடங்கில் படுத்திருக்கிறான் என்பதையும் சொன்னார். பழைய இயக்குநரின் காருக்குப் பெட்ரோல் ஊற்றியது யார் என்பதையும், கேட்காமலேயே சொன்னார்.

இத்தனை நாள் யாருமே சொல்லாத சாட்சியம்!

---

சாயங்காலத்துக்குள் மொமோ கல்லேயைப் படகுத் துறையில் வளைத்துப் பிடித்தார்கள். கத்திக்காரன் கிடங்கில் மாட்டினான்.

ஸ்டேஷனில் இன்ஜினியரை லாக்கப்புக்கு நடத்திப் போனபோது, எதிரே மபிந்தி நின்றிருந்தாள். புருஷனின் உடலை வாங்க வந்தவள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் கத்தவில்லை. அடிக்கவில்லை.

"தினமும் தொழுகை முடிஞ்சதும் அவர் உங்களுக்காகத் துவா கேட்பாருங்க ஐயா. சைது ஃபோஃபனாவுக்கு நீண்ட ஆயுசு குடுன்னு. 'உன் பேரையே சொல்லி நீயே கேட்டுக்கிறியா?'ன்னு நான் கேலி பண்ணுவேன். 'அவர் பேரும் அதுதானே'ம்பார்."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பாருங்க... உங்க பங்கு மட்டும் பலிச்சிடுச்சு."

யாபோம் தானே அவளைக் கைத்தாங்கலாக ஜீப் வரை கூட்டிப் போய் ஏற்றிவிட்டு வந்தாள்.

லாக்கப்பிலிருந்து நடுங்கும் குரல் கேட்டது.

"இன்ஸ்பெக்டர் அம்மா... அந்தத் திருத்தத்தை எல்லாரும் கேட்டிருப்பாங்களா? ஜெயில்ல இருக்கிற மொமோ ஆளுங்களும் கேட்டிருப்பாங்களா?"

"யாருமே கேட்கலியே."

"எ... என்ன?"

"அது ரேடியோ இல்ல சார். ஒலபிசி அம்மா எங்களுக்காகத் தனியா வாசிச்சுக் குடுத்தாங்க. தம்பா தன்னோட செல்போனை ஜீப் ஸ்பீக்கர்ல போட்டார். கேட்டது நாங்க ரெண்டு பேரும், நீங்களும், உங்க வீட்டுக் காக்காவும்தான்!"

இன்ஜினியர் கம்பியைப் பிடித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். பாதுகாப்பாக வீட்டில் இருந்த ஒரு மனிதர், தானாகவே ஓடி வந்து விலங்கு கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்!

மேசை மேலிருந்த நிஜ வானொலி கரகரத்தது. மாலைச் செய்தி. அதே கணீர்க் குரல்.

*ஆற்றுத் தங்க உரிமத் துறையின் இயக்குநர் பதவி காலியாக உள்ளது. தகுதி உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம்...*

தம்பா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"மேடம்... நான் ஒரு விண்ணப்பம் போட்டுப் பார்க்கட்டுமா?"

யாபோம் ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

"தாராளமாப் போடு தம்பா. ஆனா இந்த ஸ்டேஷன்லயே உன்னைச் சேர்த்து நாலு தம்பா இருக்கீங்க. மேளச் சத்தம் எந்த வீட்டுல கேட்குதுன்னு மட்டும் பார்த்துக்கோ!"