பொட்டு வைத்த சி.டி.

மழைக்கு ஒதுங்கியவன் ஈரச் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தான். உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே அமுலு நடத்தும் டி.டி.பி. கடை அது. அவளோ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இன்னிக்கு டைப்பிங் கிடையாதுங்க. மிஷின் மக்கர் பண்ணுது."

"மழைக்குத்தாங்க நின்னேன்... சாலவாக்கம் பஸ் வந்ததும் பூடுவேன்."

குரலில் இருந்த பணிவு அவளை நிமிர வைத்தது. மழைத்துளி தங்கிய இமைகள்... அவற்றுக்குள் சிரிக்கும் இரு கண்கள். சட்டென்று திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பழைய கணினி. அதில் புது விண்டோஸ் ஏற்றக் காலையிலிருந்து போராடுகிறாள். பாதி தூரம் போய், சி.டி.யைப் படிக்க முடியவில்லை என்று நின்றுவிடுகிறது. பழசும் அழிந்துவிட்டது, புதுசும் வரவில்லை.

"அந்த சி.டி.ய கொஞ்சம் காட்றீங்களா? காஞ்சிபுரத்துல இந்த வேலதான் பண்ணிக்கினு கீறேன். பேரு கலைச்செல்வன்."

தயங்கித்தான் கொடுத்தாள். திருப்பிப் பார்த்தவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். பளபளக்கும் பக்கத்தில் சந்தனம், அதன்மேல் குங்குமம்!

"இன்னாங்க இது, சி.டி.க்குப் பொட்டு?"

"ஆயுத பூசைக்கு வெச்சேன். பளபளன்னு கீற பக்கந்தானே மொகம்?"

"மிஷின் படிக்கிற பக்கமே அதாங்க! சந்தனம் உள்ள பூந்துகினு..." மறுபடியும் சிரிப்பு.

அமுலுவின் கண்கள் கலங்கின. "சாமிக்குப் பண்ணத பாத்து சிரிக்கிறீங்களே... குடுங்க இங்க. நானே பாத்துக்கறேன்."

வாடிய முகத்தோடு அவன் பேருந்து ஏறினான்.

அன்றிலிருந்து சாலவாக்கம் பேருந்து வரும்போதெல்லாம் அவள் கண்கள் கடைக்குள் நிற்பதில்லை. இறங்கும் ஒவ்வொரு முகமும் வேறு முகம். உதவ வந்தவரை விரட்டிவிட்டேனே முருகா... அந்தச் சிரிப்பில் கள்ளம் இருந்ததா என்ன? சி.டி.யைத் துடைத்துப் போட்டுப் பார்த்தாள், கணினி அசையவில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். அதைவிட, அவன் வராததுதான் வலித்தது.

மழை விட்ட ஒரு மாலையில் வந்து நின்றான். கையில் வேறு சி.டி., கொஞ்சம் பஞ்சு.

"அன்னிக்கு சிரிச்சது தப்புங்க. மனசே கேக்கல."

"நானும் வெடுக்குனு பேசிட்டேன்..."

கணினிக்குள் காய்ந்துகிடந்த சந்தனத்தூளைப் பதமாகத் துடைத்தெடுத்தான். பொட்டு வைத்த பழைய சி.டி.யை எறியாமல், முருகன் படத்தின் கீழ் சாய்த்து வைத்தான். இப்படிச் சின்னஞ்சிறு செயலில்தான் கடவுள் ஒரு மனிதனை நமக்குக் காட்டிக்கொடுக்கிறார்.

கொண்டுவந்த சி.டி.யை உள்ளே போட்டான். திரையில் கோடு நகர்ந்தது. மெதுவா போ... மெதுவா போயேன்... என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். பாழாய்ப்போன கணினி, இன்று மட்டும் எங்கும் நிற்காமல் ஓடி முடித்தது!

"இனிமே பேஜார் இல்ல. நல்லாயிடுச்சி." எழுந்தான்.

"மிஷின் நல்லாயிடுச்சி..." தரையைப் பார்த்தபடி சொன்னாள் அமுலு. "எனக்குதான் நல்லா இல்ல. அன்னியிலேர்ந்து ஒவ்வொரு பஸ்ஸையும் பாத்துக்கினே கீறேன்."

அவன் மெல்ல மறுபடி உட்கார்ந்தான்.

"நானும் அந்த பஸ்லதாங்க போய்க்கினு இருந்தேன்... ஒங்க கடை வந்தா, எறங்க தைரியம் இல்லாம சீட்டுல குனிஞ்சிக்குவேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"ஒங்கள ரொம்பப் புடிச்சிருக்குங்க. ஒங்க வூட்டுக்கு எங்கம்மாவ இட்டாரட்டா... நாளைக்கு?"

அமுலு நிமிர்ந்தாள். இம்முறை கண்களைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"காலைல நைனா வயலுக்குப் பூடுவாரு... சாயங்காலமா வாங்க."